இரண்டு பக்கமும் ஜெயித்தவன்
(பழைய மாணவர் சந்திப்பில், முன்னாள் வரலாற்றுத் துறை மாணவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"கல்லூரி நினைவுகள்" என்று பதினைந்து நிமிஷம் பேசச் சொன்னார்கள். எனக்கு முன்னால் பேசிய நண்பர் விடுதி சாம்பார், தோட்டத்து மான், மீட்டர்கேஜ் ரயிலில் ஃபுட்போர்டு பயணம் எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டார். மிச்சம் வைத்தது பேச்சுப் போட்டி ஒன்றுதான். சரி, அதையே எடுத்துக்கொள்கிறேன். சிரிப்பு கொஞ்சம் குறைவாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் 1985 முதல் 1988 வரை இங்கே பி.ஏ. வரலாறு படித்தவன். வீடு குரோம்பேட்டை. இலங்கைப் பிரச்சினை என் காதுக்கு முதலில் வந்தது 1983 ஜூலையில். யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் 13 ராணுவத்தினர் கொல்லப்பட்டதும் கொழும்பு பற்றி எரிந்தது. வெலிக்கடைச் சிறையில் இரண்டு நாட்களில் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டார்கள். இந்திரா காந்தி வெளியுறவு அமைச்சர் நரசிம்ம ராவை உடனே கொழும்புக்கு அனுப்பினார். நாங்கள் பள்ளிப் பையன்கள். ஸ்ட்ரைக், ஊர்வலம், கறுப்பு பேட்ஜ். உண்மையைச் சொன்னால், பள்ளிக்கூடம் லீவு என்ற சந்தோஷமும் அதில் கலந்திருந்தது.

அடுத்த வருஷம் ஆகஸ்ட் 2ஆம் தேதி, ராத்திரி பதினொரு மணி இருக்கும், ஒரு சத்தம். ஜன்னல் அதிர்ந்தது. "திரிசூலம் குவாரியில வெடி வைக்கிறான் போலிருக்கு" என்றார் என் மாமா. "இந்த நேரத்துலயா?" என்றாள் அம்மா. விடிந்த பிறகுதான் தெரிந்தது, வெடித்தது மீனம்பாக்கம் விமான நிலையத்தில் என்று. கொழும்புக்குப் போக வேண்டிய பெட்டியில் வைத்த குண்டு இங்கேயே வெடித்து 30க்கும் மேற்பட்டவர்கள் செத்துப் போனார்கள். வைத்தது ஒரு சிறிய ஈழப் போராளிக் குழு. அடுத்த நாட்டுச் சண்டை என்று நாம் பேசிக் கொண்டிருந்தது நம்முடைய ரயில் பாதையிலேயே நாலு ஸ்டேஷன் தள்ளி வந்து நின்றது. ஆனாலும் அது எங்களை யோசிக்க வைத்ததாகச் சொல்ல முடியாது. ஒரு வாரம் பேசினோம், விட்டுவிட்டோம்.

இப்போது 1987க்கு வருகிறேன். இங்கே உட்கார்ந்திருக்கும் மாணவர்களுக்காகக் கொஞ்சம் விவரம் சொல்ல வேண்டும். மே மாதக் கடைசியில் இலங்கை ராணுவம் வடமராட்சியில் பெரிய தாக்குதல் தொடங்கியது. யாழ்ப்பாணத்துக்கு உணவும் மருந்தும் இல்லை. ஜூன் 3ஆம் தேதி இந்தியா 19 மீன்பிடிப் படகுகளில் நிவாரணப் பொருள் அனுப்பியது. இலங்கைக் கடற்படை வழிமறித்துத் திருப்பி அனுப்பியது. மறுநாளே பெங்களூரிலிருந்து ஐந்து ஏ.என்.-32 விமானங்கள், துணைக்கு மிராஜ் போர் விமானங்கள், யாழ்ப்பாணத்துக்கு மேலே போய்ப் பொட்டலங்களைப் போட்டுவிட்டு வந்தன. 'பூமாலை' என்று பெயர். போட்டது 25 டன் அளவுதான். அரிசி எத்தனை பேர் வயிற்றுக்குப் போனது என்பதைவிட, கொழும்புக்குப் போய்ச் சேர்ந்த சேதிதான் பெரிது. ஜூலை 29இல் ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் கொழும்பில் ஒப்பந்தம் போட்டார்கள். அடுத்த நாளே இந்திய அமைதிப்படை பலாலியில் இறங்கத் தொடங்கியது. அதே நாள் கொழும்பில் அணிவகுப்பு மரியாதையின்போது ஒரு சிங்களக் கடற்படைச் சிப்பாய் துப்பாக்கிக் கட்டையால் ராஜீவை அடிக்கப் பாய்ந்ததை டி.வி.யில் பார்த்தவர்கள் இங்கே பலர் இருப்பீர்கள்.

அந்த ஆகஸ்ட் கடைசியில் நம்ம தமிழ் மன்றத்தில் ஒரு சொற்போர் ஏற்பாடாயிற்று. தலைப்பு: "இந்தியா இலங்கைக்குப் படை அனுப்பியது சரியே." யார் எந்தப் பக்கம் என்பதை நாணயம் சுண்டித்தான் முடிவு செய்வார்கள். எனக்கு விழுந்தது ஆதரவுப் பக்கம். இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். என் கொள்கையை ஒரு எட்டணாக் காசு முடிவு செய்தது.

பத்து நாள் படித்தேன். நூலகத்தில் ஹிந்துவும் தினமணியும் பழைய இதழ் இதழாகப் புரட்டினேன். ராத்திரி பி.பி.சி. தமிழோசை. இன்றைக்கு மாதிரி கையில் போன் கிடையாது. ஆனால் விஷயம் சேர்ந்துவிட்டது. அயல்நாட்டில் அடிபடுகிறவன் நம் மொழி பேசுகிறவன் என்றேன். 1985 திம்புப் பேச்சு வார்த்தை வரை எல்லா வழியும் பார்த்தாயிற்று என்றேன். வடக்கும் கிழக்கும் ஒரே மாகாணமாக இணைகின்றன, மாகாண சபை வருகிறது, தமிழ் ஆட்சிமொழி ஆகிறது, இதற்கு மேல் என்ன வேண்டும் என்றேன். அமைதிப்படையை யாழ்ப்பாணத்துப் பெண்கள் மாலை போட்டு வரவேற்ற பத்திரிகைப் படத்தைத் தூக்கிக் காட்டினேன். அரங்கம் அதிர்ந்தது. முதல் பரிசு எனக்கு. ஒரு வெள்ளி முலாம் பூசிய கோப்பை.

அந்த அரங்கத்தில் எனக்கு நெருங்கிய இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவன் யாழ்ப்பாணம் கொக்குவிலைச் சேர்ந்தவன். 83க்குப் பிறகு இங்கே வந்து, எங்களோடு படித்தான், விடுதியில் என் நண்பர்களோடு தங்கியிருந்தான். இன்னொருவன் முடிச்சூர் ரோட்டிலிருந்து சைக்கிளில் வருபவன். அவன் அண்ணன் ராணுவத்தில் சிப்பாய். ஆகஸ்டில் போன படையில் அவரும் ஒருவர். இரண்டு பேரும் கை தட்டினார்கள். முடிச்சூர்க்காரன் விசில் அடித்தான். கொக்குவில்காரன் கை மட்டும் தட்டினான்.

அக்டோபரில் எல்லாம் தலைகீழாகப் புரண்டது. திலீபன் உண்ணாவிரதம் இருந்து செப்டம்பர் 26இல் இறந்தார். அக்டோபர் 5ஆம் தேதி, இலங்கைப் படையின் காவலில் பலாலியில் இருந்த புலிகளில் 12 பேர் சயனைடு தின்று செத்தார்கள். 10ஆம் தேதி யாழ்ப்பாணத்தைப் பிடிக்க இந்திய ராணுவம் புறப்பட்டது. 12ஆம் தேதி அதிகாலை யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் ஹெலிகாப்டரில் இறங்கிய சீக்கிய லைட் இன்ஃபன்ட்ரி வீரர்கள் 30 பேரில் 29 பேர் செத்தார்கள். 21ஆம் தேதி, தீபாவளி நாள், யாழ்ப்பாணப் பெரியாஸ்பத்திரிக்குள் நுழைந்த இந்திய ராணுவம் சுட்டதில் டாக்டர், நர்ஸ், நோயாளி என்று 60 பேருக்கு மேல் இறந்தார்கள். எந்த ஊர்ப் பெண்கள் மாலை போட்டார்களோ, அந்த ஊரில்.

நான் அந்தத் தீபாவளிக்கு என்ன செய்தேன் என்று கேட்டால், பட்டாசு வெடித்தேன். வேறென்ன.

முடிச்சூர் நண்பன் வீட்டுக்கு நவம்பரில் தந்தி வந்தது. அண்ணனுக்குக் கண்ணிவெடியில் இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. பரங்கிமலைப் பக்கம் ராணுவ மருத்துவமனைக்குக் கொண்டு வந்திருந்தார்கள். நண்பனோடு நானும் போனேன். வார்டு முழுக்க இருபது, இருபத்திரண்டு வயசுப் பையன்கள். அவர் எங்களைப் பார்த்துச் சிரித்தார். "வாங்கப்பா, காலேஜ் எப்படிப் போகுது?" என்றார். அப்புறம் அவராகவே சொன்னார். "எங்களைச் சண்டைக்குன்னு சொல்லிக் கூட்டிட்டுப் போகலை தம்பி. ரோட்டுல வேலி அடைச்சிருந்ததை எடுத்தோம். கிணத்தைச் சுத்தம் பண்ணிக் குடுத்தோம். ஒரு பாட்டி எனக்கு முறுக்கு குடுத்துச்சு. ரெண்டு மாசம் கழிச்சு அதே தெருவுல ஊர்ந்து போனேன். எந்த வீட்டுல இருந்து சுடறான்னு தெரியலை. அந்தப் பாட்டி வீடு எதுன்னும் தெரியலை." பக்கத்துக் கட்டிலில் ஒரு பஞ்சாபிப் பையன். அவனுக்கு நாங்கள் பேசும் மொழியே எதிரியின் மொழி. எங்களை ஒரு மாதிரி பார்த்தான். அதற்கு அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

1988 ஜனவரியில் பொங்கல் விடுமுறை முடிந்ததும் அதே தலைப்பில் மறுபடி ஒரு சொற்போர் வைத்தார்கள். இந்தத் தடவை காசு எதிர்ப்பக்கம் விழுந்தது. சந்தோஷமாக எடுத்துக்கொண்டேன். போர்க் களத்தில் இருப்பவன் கையெழுத்துப் போடாத ஒப்பந்தத்துக்கு நம் ராணுவத்தை ஜாமீன் வைத்தது எப்படி நியாயம் என்றேன். ஒப்பந்தத்தோடு பரிமாறிக்கொண்ட கடிதங்களில் திருகோணமலைத் துறைமுகமும் எண்ணெய்க் கிடங்கும் வெளிநாட்டு வானொலி நிலையமும் ஏன் வந்தன, அங்கே தமிழன் எங்கே என்றேன். ஆஸ்பத்திரியைச் சொன்னேன். கால் போன அண்ணனைச் சொன்னேன். ஆம், சொன்னேன். நண்பனிடம் ஒரு வார்த்தை கேட்காமல் சொன்னேன். அரங்கத்தில் ஊசி விழுந்தால் கேட்கும். மறுபடி முதல் பரிசு. இரண்டாவது கோப்பை.

வெளியே வந்ததும் முடிச்சூர்க்காரன் என்னைப் பார்க்காமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான். கொக்குவில்காரன் மட்டும் நின்றான். கேம்ப் ரோடு டீக்கடை வரைக்கும் பேசாமல் நடந்தோம். டீ வந்தது. அவன் சொன்னது இன்றைக்கும் அட்சரம் பிசகாமல் நினைவிருக்கிறது.

"நல்லாத்தான் கதைச்சாய் மச்சான். போன முறையும் நல்லாத்தான் கதைச்சாய். அக்டோபரில எங்கட சனம் எல்லாம் நல்லூர்க் கோயிலுக்குள்ள கிடந்தது. அம்மாவும் அப்பாவும் அங்கதான். நீ ஒருக்காவது என்னட்ட அவையள் எங்க இருக்கினம் எண்டு கேக்கேல்லை."

இரண்டு போட்டிக்கும் சேர்த்து இருபது நாள் நூலகத்தில் உட்கார்ந்தவன் நான். யாழ்ப்பாணத்து ஆள் ஒருவன் மெஸ்ஸில் எனக்கு எதிரே உட்கார்ந்து தினமும் சாப்பிட்டான். அவனிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை.

நண்பர்களே, இதைச் சொல்லிவிட்டு உட்கார்ந்தால் நான் ஏதோ பேச்சுப் போட்டியே வேண்டாம் என்று சொன்னதாக ஆகிவிடும். அப்படிச் சொல்ல வரவில்லை. அன்றைக்கு மனப்பாடம் செய்து பேசியதை முப்பத்தைந்து வருஷமாகத் திரும்பத் திரும்ப யோசித்திருக்கிறேன். காசு சுண்டாமல் இன்றைக்கு என் அபிப்பிராயம் என்ன என்று சொல்ல நான் கடமைப்பட்டவன்.

இந்தியா தலையிட்டது தப்பு என்று நான் நினைக்கவில்லை. 83க்குப் பிறகு சும்மா இருந்திருக்க முடியாது. ஒன்றரை லட்சம் அகதிகள் ராமேஸ்வரம் கரையில் வந்து இறங்கும்போது எந்த அரசும் "அது அவர்கள் வீட்டு விவகாரம்" என்று சொல்லிவிட முடியாது. ஆனால் ஒரே சமயத்தில் இரண்டு கையால் இரண்டு வேலை செய்தோம். ஒரு கையால் பேச்சு வார்த்தை நடத்தினோம். இன்னொரு கையால் போராளிகளுக்குப் பயிற்சியும் ஆயுதமும் கொடுத்தோம். ஒரு குழுவுக்கு இல்லை, பல குழுக்களுக்கு. அவர்கள் ஒருவரையொருவர் நம்ம ஊர்த் தெருவிலேயே சுட்டுக்கொண்டார்கள். 1982இல் பாண்டி பஜாரில். 1986இல் சூளைமேட்டில் நம்ம ஊர்க்காரர்களையே சுட்டார்கள். கொடுத்த ஆயுதத்தைத் திரும்ப வாங்க 72 மணி நேரம் கெடு வைத்தது ஒப்பந்தம். அஞ்சு வருஷமாகச் சேர்த்ததை மூணு நாளில் தருவானா? இதை டெல்லியில் பெரிய படிப்புப் படித்தவர்கள் நம்பினார்கள் என்றால், நான் நம்பியதில் என்ன ஆச்சரியம்.

அடுத்து, புலிகளை விமர்சிக்காமல் இந்தியாவை மட்டும் விமர்சிப்பதும் நேர்மை இல்லை. அன்றைக்கு அதை நான் என் இரண்டாவது பேச்சில் செய்தேன், ஏனென்றால் அரங்கம் அதைத்தான் விரும்பியது. அதே காலத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஆசிரியர்கள் நாலு பேர், ராஜன் ஹூல், தயா சோமசுந்தரம், ஸ்ரீதரன், ரஜனி திராணகம, சேர்ந்து 'முறிந்த பனை' என்ற புத்தகத்தை எழுதிக் கொண்டிருந்தார்கள். இலங்கை ராணுவம், இந்திய ராணுவம், புலிகள், மற்ற இயக்கங்கள் யாரையும் விடவில்லை. அதற்குக் காசு சுண்டிப் பக்கம் பிரிக்கவில்லை. ரஜனி 1989 செப்டம்பர் 21இல் யாழ்ப்பாணத்தில் சைக்கிளில் வீடு திரும்பும்போது சுட்டுக் கொல்லப்பட்டார். நான் அந்தப் புத்தகத்தைப் பல வருஷம் கழித்துத்தான் படித்தேன். படித்த ராத்திரி தூக்கம் வரவில்லை.

அமைதிப்படை 1990 மார்ச் 24இல் திருகோணமலையிலிருந்து கடைசியாகப் புறப்பட்டது. 1,100க்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் திரும்பவில்லை. படையை வெளியேறச் சொன்னவர் ஜெயவர்த்தனாவுக்குப் பிறகு வந்த பிரேமதாசா. அவரே புலிகளுக்கு ஆயுதமும் கொடுத்தார். சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கிய படையை வரவேற்க அன்றைய முதல்வர் கலைஞர் போகவில்லை. தமிழர்களைக் கொன்ற படையை வரவேற்க மாட்டேன் என்பது அவர் நிலை. அன்றைக்கு அது எனக்குச் சரி என்று பட்டது. பரங்கிமலை வார்டில் பார்த்த முகங்கள் ஞாபகம் வரும்போது இல்லை என்று படுகிறது. இந்த ஒரு விஷயத்தில் இன்னும் எனக்கு முடிவு வரவில்லை. அனுப்பியவர்கள் மேல் இருக்கும் கோபத்தைப் போனவன் மேல் காட்டலாமா என்று கேட்டால் கூடாது என்பேன். நல்லூர்க் கோயிலில் கிடந்தவர்களின் பிள்ளை என்னிடம் அதைக் கேட்டால் என்ன சொல்வேன், தெரியாது.

1991 மே 21 ஸ்ரீபெரும்புதூர். தாம்பரத்திலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம். அதற்குப் பிறகு தமிழ்நாட்டில் யாரும் இந்தத் தலைப்பில் வாய் திறக்கவில்லை. பல வருஷம் எந்தக் கல்லூரியிலும் இப்படி ஒரு சொற்போர் நடந்ததாக நான் கேள்விப்படவில்லை. அந்த மௌனமும் ஒரு கொள்கை மாதிரிதான் வேலை செய்தது. 2009இல் முள்ளிவாய்க்கால் முடிந்த மே மாதமே ஜெனீவாவில் சிறப்புக் கூட்டம் நடந்தது. இலங்கைக்குச் சாதகமான தீர்மானத்துக்கு இந்தியா ஓட்டுப் போட்டது. 2012இலும் 2013இலும் இலங்கைக்கு எதிராக. 2013இல் லயோலா மாணவர்கள் தொடங்கிய உண்ணாவிரதம் மாநிலம் முழுக்கப் பரவியது உங்களில் இளையவர்களுக்கே நினைவிருக்கும். 2014இல் ஓட்டுப் போடாமல் ஒதுங்கியது. 2021இலும் அப்படியே. நான் காசு சுண்டியது போலத்தான் தெரிகிறது இல்லையா? கிண்டலுக்குச் சொல்லவில்லை. ஒவ்வொரு தடவையும் டெல்லிக்கு ஒரு காரணம் இருந்தது. சீனா அம்பாந்தோட்டையில் உட்கார்ந்திருக்கிறது என்பது உண்மையான காரணம். ராமேஸ்வரம் மீனவர் பிடிபடுவதும் உண்மையான காரணம். ஆனால் 1987 ஒப்பந்தத்தில் மிச்சம் இருப்பது 13ஆவது திருத்தம் ஒன்றுதான். வடக்கு கிழக்கு இணைப்பை 2006இல் அங்கே உச்ச நீதிமன்றம் செல்லாது என்று சொல்லிவிட்டது. மாகாண சபைக்குப் போலீஸ் அதிகாரமும் நில அதிகாரமும் காகிதத்தில்தான். அந்த ஒரு திருத்தத்துக்காக 1,100 பேரைக் கொடுத்த நாடு, அதை நிறைவேற்றச் சொல்லி நச்சரிக்க எல்லா உரிமையும் உடைய நாடு. நச்சரிப்பு போதவில்லை என்பது என் குறை.

இன்னொன்று. 1987இல் திருப்பி அனுப்பப்பட்ட 19 படகைச் சொன்னேன் அல்லவா? 2022 மே மாதம், இலங்கை பணமில்லாமல் தவித்தபோது, சென்னைத் துறைமுகத்திலிருந்து தமிழ்நாடு அரசு அரிசியும் பால் மாவும் மருந்தும் கப்பலில் அனுப்பியது. யாரும் மறிக்கவில்லை. சிங்களவருக்கும் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் சேர்த்துத்தான் அனுப்பினோம். இதைப் பற்றி ஒரு கல்லூரியிலாவது சொற்போர் வைத்தார்களா? வைக்க மாட்டார்கள். சண்டை இல்லையே.

இப்போது மாணவர்கள் வைத்திருக்கும் தலைப்பைப் பார்த்தேன். உக்ரைன் போரில் 2022இல் ஐ.நா. சபையில் இந்தியா ஓட்டுப் போடாமல் இருந்தது சரியா, தவறா. நல்ல தலைப்பு. ரஷ்ய எண்ணெய், ஆயுத உதிரி பாகம், பழைய நட்பு எல்லாம் நூலகத்திலும் போனிலும் கிடைக்கும். நேற்று ராத்திரியே ஒரு தம்பி எனக்கு மொத்தப் புள்ளிவிவரமும் ஒப்பித்துக் காட்டினான், அபாரம். அவனிடம் ஒன்று மட்டும் கேட்டேன். அந்தப் போர் தொடங்கியபோது கார்கிவிலும் சுமியிலும் மருத்துவம் படித்துக் கொண்டிருந்து, பாதாள ரயில் நிலையத்தில் ஒளிந்து, எல்லை வரை நடந்து வந்த பிள்ளைகள் தமிழ்நாட்டுக்கு மட்டும் ஆயிரத்துக்கு மேல் திரும்பினார்கள். அவர்களில் யாரையாவது தெரியுமா என்று. சேலையூரிலேயே ஒரு பெண் இருக்கிறாளாம், அவன் அக்காவின் சிநேகிதி. பேசினாயா என்றேன். தலையைச் சொறிந்தான். போட்டிக்கு இன்னும் நாலு நாள் இருக்கிறது.

என் கதையின் மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். முடிச்சூர் நண்பனிடம் மன்னிப்புக் கேட்க எனக்குப் பதினோரு வருஷம் ஆயிற்று. அவன் அண்ணன் செயற்கைக் காலோடு எஸ்.டி.டி. பூத் நடத்தினார், பெண்ணைக் கட்டிக் கொடுத்தார், போன வருஷம் காலமானார். நண்பன் இன்று இங்கே வந்திருக்கிறான். பின்வரிசையில் இருக்கிறான், எழுந்து நிற்கச் சொன்னால் கோபப்படுவான். கொக்குவில்காரன் 1990இல் கனடா போனான். டொரண்டோ பக்கம் ஸ்கார்பரோவில் இருக்கிறான். அவன் அப்பா அம்மா நல்லூரிலிருந்து உயிரோடு வீடு திரும்பினார்கள். கூரை இல்லாத வீடு. அம்மா மட்டும் பிற்பாடு கனடா போய்ச் சேர்ந்தார்.

இந்தச் சந்திப்புக்கு வரச் சொல்லிப் போன மாதம் அவனோடு பேசினேன். வர முடியவில்லை என்றான். "ரெண்டு கோப்பையும் இன்னும் வச்சிருக்கிறியோ?" என்று கேட்டான். இருக்கிறது என்றேன். "ஒண்டை எனக்கு அனுப்பு" என்றான். எது என்று கேட்டேன். ஏதோ ஒண்டு என்றான். நேற்றுத்தான் தாம்பரம் தபால் நிலையத்தில் பார்சல் கட்டிக் கொடுத்துவிட்டு வந்தேன். ஆகஸ்ட் கோப்பை.

பதினைந்து நிமிஷம் தாண்டிவிட்டது, தலைவர் மணியைப் பார்க்கிறார். மெஸ்ஸில் இலை போட்டாகிவிட்டதாம்.